சண்டிகர் காட்டில் ஒரு ரகசியத் தோட்டம்: நேக் சந்தின் கதை அத்திப்பட்டுக்கு என்ன சொல்கிறது?

அத்திப்பட்டு, வல்லூர், மீஞ்சூர் பக்கம் குடியிருப்பவர்களுக்கு வீட்டு வாசலில் பத்தடி இடம் இருந்தாலே பெரிய விஷயம். அந்தப் பத்தடியிலும் உடைந்த செங்கல், ஓட்டை பக்கெட், துருப்பிடித்த சைக்கிள் என்று ஏதாவது அடைந்து கிடக்கும். ஒரு பக்கம் அனல் மின் நிலையம், இன்னொரு பக்கம் காமராஜர் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள். சாயங்காலம் வெளியே நாற்காலி போட்டு உட்காரலாம் என்றால் முதலில் வருவது தூசுதான். நர்சரியில் போய் விலை விசாரித்தால் தொட்டி, செம்மண், செடி, அலங்காரக் கல் என்று கணக்கு ஏறிக்கொண்டே போகும். தோட்ட ஆசை அங்கேயே அடங்கிவிடும்.

ஆனால், வடசென்னையில் காயலான் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. பேரீச்சம்பழத்துக்குப் போடுகிற சாமான்களை வைத்தே, கையில் காசில்லாமல், நாலு பேர் வந்து உட்கார்ந்து ரசிக்கிற மாதிரி ஒரு தோட்டம் போட முடியுமா? இந்தக் கேள்விக்கு இந்தியாவில் கிடைத்த மிகப் பெரிய பதில், சண்டிகரில் இருக்கும் ராக் கார்டன். அதை உருவாக்கியவர் ஓவியக் கல்லூரிப் பக்கமே போகாத ஒரு கவர்மென்ட் ஊழியர். பெயர் நேக் சந்த்.

யார் இந்த நேக் சந்த்?

நேக் சந்த் சைனி 1924 டிசம்பர் 15 அன்று பிறந்தார். ஊர், பஞ்சாபின் ஷகர்கர் வட்டத்தில் இருந்த பரியான் கலான் என்கிற சின்ன கிராமம். விவசாயக் குடும்பம். ராஜாக்கள், தேவதைகள், மாயக் கோட்டைகள் வருகிற கதைகளை அம்மா சொல்லக் கேட்டு வளர்ந்தவர். பிற்காலத்தில் தன் தோட்டத்தை அவர் ஒரு பழங்கதை ராஜ்ஜியமாகவே கற்பனை செய்துகொண்டதற்கு அந்தக் கதைகள்தான் விதை.

1947-ல் நாடு பிரிந்தது. குர்தாஸ்பூர் மாவட்டத்தின் பெரும்பகுதி இந்தியாவுக்கு வந்தது. ஷகர்கர் வட்டம் மட்டும் பாகிஸ்தானுக்குப் போனது. ஒரே கோட்டில் சொந்த ஊர் வெளிநாடாகிவிட்டது. லட்சக்கணக்கானவர்களைப் போல நேக் சந்தின் குடும்பமும் வீட்டையும் வயலையும் விட்டுவிட்டு இந்தியாவுக்கு நடையைக் கட்டியது. அப்போது அவருக்கு வயது 22.

1951-ல் சண்டிகரில் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர் வேலை கிடைத்தது. ரோடு போடுகிற இடங்களைப் பார்ப்பது, சாமான்களுக்குக் கணக்கு வைப்பது போன்ற சாதாரண வேலை. சம்பளமும் சாதாரணம்தான்.

புதிய நகரமும் காணாமல்போன ஊர்களும்

பிரிவினையில் லாகூர் பாகிஸ்தான் பக்கம் போய்விட்டதால் இந்தியப் பஞ்சாபுக்குப் புதிய தலைநகர் தேவைப்பட்டது. பிரதமர் நேருவின் ஆதரவோடு சண்டிகர் திட்டம் தொடங்கியது. பிரான்ஸில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே நகரை வடிவமைத்தார். நேர்க்கோட்டுச் சாலைகள், எண் போட்ட செக்டார்கள், கான்கிரீட் கட்டடங்கள் என்று எல்லாமே அளவெடுத்துத் திட்டமிட்டவை. பொது இடங்களில் தனிமனிதர்களுக்குச் சிலை வைக்கக் கூடாது என்றுகூட அந்த நகருக்கு ஒரு விதி உண்டு.

இப்படி ஒரு நகரம் காலியான நிலத்தில் எழும்பிவிடவில்லை. அங்கே ஏற்கெனவே இருந்த 20-க்கும் மேற்பட்ட கிராமங்கள் அகற்றப்பட்டன. 'சிட்டிசன்' படத்தில் வரைபடத்திலிருந்தே காணாமல்போகும் அத்திப்பட்டி என்கிற ஊரைத் தமிழ் ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது கற்பனை. சண்டிகருக்காக மறைந்த ஊர்கள் நிஜம். வீடுகளை இடித்த இடத்தில் ஓடு, செங்கல், உடைந்த பானை, பீங்கான் தட்டு, கண்ணாடி வளையல் துண்டு எல்லாம் குவிந்து கிடந்தன. புது நகரம் வளர வளரக் கட்டுமானக் கழிவும் சேர்ந்துகொண்டது.

மற்றவர்கள் கண்ணுக்கு அது இடிபாடு. சொந்த ஊரை இழந்து வந்த நேக் சந்துக்கோ, ஒவ்வொரு துண்டும் யாரோ ஒருவருடைய அடுப்படியில், முற்றத்தில், கையில் இருந்த பொருள். வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அவற்றைப் பொறுக்க ஆரம்பித்தார். சிவாலிக் மலையடிவாரத்து ஓடைகளில் கிடந்த விசித்திர வடிவக் கற்களும் சைக்கிள் கேரியரில் ஏறின. ஒரு கல் பறவை மாதிரி, இன்னொன்று மனித முகம் மாதிரி. இப்படித் தேடித்தேடிச் சேர்த்தார்.

ஏன் ரகசியமாகச் செய்தார்?

சேர்த்த பொருள்களை வைக்க ஓர் இடம் வேண்டுமே! சுக்னா ஏரிக்குப் பக்கத்தில் காடு மண்டிய ஒரு பள்ளத்தாக்கு இருந்தது. அது அரசின் காப்பு நிலம். அங்கே யாரும் எதுவும் கட்டக் கூடாது. யாரும் வரமாட்டார்கள் என்பதாலேயே நேக் சந்துக்கு அது வசதியாகப் போனது. புதரை வெட்டி, சின்னதாக ஒரு குடிசை போட்டு, 1958 வாக்கில் சாமான்களை அங்கே கொண்டுபோய் அடுக்கத் தொடங்கினார்.

விஷயம் தெரிந்தால் வேலை போய்விடும். சேர்த்ததெல்லாம் குப்பை லாரியில் ஏறிவிடும். அதனால் பகலில் ஆபீஸ், சாயங்காலத்துக்கு மேல் காடு. விளக்கு கிடையாது. பழைய டயரைக் கொளுத்தி, அந்த வெளிச்சத்தில் வேலை செய்த இரவுகள் உண்டு. வீட்டைத் தாண்டி வெகுசிலருக்கு மட்டுமே அவர் எங்கே போகிறார் என்பது தெரிந்திருந்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம், அவர் எடுத்துக்கொண்ட காலம். பொருள்களைச் சேர்க்கவும் பிரிக்கவுமே சுமார் ஏழு ஆண்டுகள் செலவழித்தார். 1965 வாக்கில்தான் தோட்டத்தை வடிவமைக்கும் வேலையில் முழுமையாக இறங்கினார். கல் ஒரு பக்கம், வளையல் ஒரு பக்கம், பீங்கான் ஒரு பக்கம் என்று கையில் என்னவெல்லாம், எவ்வளவு இருக்கின்றன என்று தெரிந்த பிறகுதான் எதை எங்கே வைப்பது என்று முடிவு செய்தார். கிடைத்ததை அன்றைக்கே கொண்டுபோய் ஒட்டியிருந்தால் அது இன்னொரு குப்பைமேடாகத்தான் ஆகியிருக்கும்.

எதை வைத்து, எப்படிக் கட்டினார்?

ராக் கார்டனில் இருக்கும் பொருள்களின் பட்டியலைப் படித்தால் காயலான் கடைக் கணக்குப் புத்தகம் மாதிரி இருக்கும். சைக்கிள் ஃபிரேம், ஃபோர்க், மட்கார்டு, தார், எண்ணெய் வந்த ட்ரம்கள், பீங்கான் சாக்கெட், ஃபியூஸ் கட்டைகள், உடைந்த கழிவறைப் பீங்கான், வாஷ்பேசின், டைல்ஸ் துண்டு, மண்பானை, பட்டறைகளில் இரும்பு உருக்கிய பிறகு மிஞ்சும் கசடு, சூளையில் அதிகமாக வெந்து உருக்குலைந்த செங்கல், கிழிந்த துணி. சலூனில் வெட்டிப் போட்ட முடியைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. பொம்மைகளின் தலையில் அதுவும் ஏறியது.

சிலை செய்யும் முறை, கொத்தனார் வேலை தெரிந்த யாருக்கும் புரியக்கூடியதுதான். முதலில் சைக்கிள் பாகம், கம்பி போன்றவற்றை வைத்து எலும்புக்கூடு. அதன்மேல் சிமென்ட், மணல் கலவை. கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வளையல் துண்டோ பீங்கான் சில்லோ பதித்துவிட வேண்டியது. கலவை காய்ந்ததும் வளையல் பாவாடையாகிவிடும், பீங்கான் சட்டையாகிவிடும். ஆடுகிறவர்கள், தண்ணி தூக்கும் பெண்கள், காவலர்கள், குரங்குகள், மயில்கள் என்று ஒரே மாதிரி உருவங்கள் கூட்டம் கூட்டமாக நிற்கும். ஒற்றைப் பொம்மையாகப் பார்த்தால் சாதாரணமாகத் தெரிவது, ஐம்பது, நூறு என்று வரிசை கட்டும்போது பார்க்கிறவரை நிற்க வைத்துவிடும்.

சிலைகளைவிட முக்கியமானது இடத்தை அவர் பிரித்த விதம். பள்ளம், மேடு, மரம் எதையும் சமப்படுத்தாமல், நிலம் போகிற போக்கிலேயே பாதைகளை வளைத்தார். ட்ரம்களை அடுக்கியும், கல்லையும் கசடையும் கொண்டும் சுவர்களை எழுப்பினார். ஒரு முற்றத்தில் நின்றால் அடுத்த முற்றம் தெரியாது. நடுவில் இருக்கும் வாசல்களும் தாழ்வானவை. தலையைக் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். நிமிர்ந்தால் புதிதாக ஒன்று கண்ணில் படும். சின்ன இடத்தையும் பெரிதாகக் காட்டுகிற சூட்சுமம் இதுதான். கோயில் பிராகாரங்களில் நடந்து பழகிய நமக்கு இந்த உணர்வு ஒன்றும் புதிதல்ல.

மாட்டிக்கொண்டபோது என்ன நடந்தது?

1970-களின் முற்பகுதியில் ரகசியம் உடைந்தது. காட்டுக்குள் அரசு ஆட்கள் வந்தபோது, சுமார் 12 ஏக்கர் அளவுக்கு முற்றங்களும் பாதைகளும் நூற்றுக்கணக்கான உருவங்களும் அங்கே நின்றுகொண்டிருந்தன. சட்டப்படி பார்த்தால் அது ஆக்கிரமிப்பு. கட்டியவரோ அரசு ஊழியர். இடித்துத் தள்ளிவிட்டு அவர்மேல் நடவடிக்கை எடுப்பதுதான் வழக்கமாக நடக்கக்கூடியது.

அப்படி நடக்கவில்லை. தாவரவியல் அறிஞரும் ஐ.சி.எஸ். அதிகாரியுமான எம்.எஸ்.ரந்தாவா போன்றவர்கள் அந்த இடத்தின் அருமையைப் புரிந்துகொண்டார்கள். செய்தி ஊருக்குள் பரவியதும் மக்கள் பார்க்க வரத் தொடங்கினார்கள். நகர நிர்வாகம் முடிவை மாற்றிக்கொண்டது. 1976-ல் ராக் கார்டன் பொதுமக்களுக்காக முறைப்படி திறக்கப்பட்டது. நேக் சந்தைச் சாலை வேலையிலிருந்து விடுவித்து, இதே தோட்டத்துக்குப் பொறுப்பாளராகப் போட்டார்கள். சம்பளம் கொடுத்தார்கள், 50 தொழிலாளர்களையும் கொடுத்தார்கள். நகரம் முழுவதும் உடைந்த பொருள்களைச் சேகரித்து அவருக்கு அனுப்ப ஏற்பாடும் நடந்தது. ராத்திரியில் ஒளிந்து செய்த வேலை பகல் வேலையானது.

பிறகு தோட்டம் வேகமாக வளர்ந்தது. அருவிகள், திறந்தவெளி அரங்கம், பெரிய வளைவுகளில் தொங்கும் ஊஞ்சல்கள் எல்லாம் வந்தன. ஊஞ்சல்கள் குழந்தைகளுக்கு என்று நினைத்தால் தப்பு. பாட்டி, தாத்தாக்களும் வரிசையில் நிற்பார்கள். இன்று தோட்டத்தின் பரப்பு சுமார் 40 ஏக்கர். 1983-ல் ராக் கார்டன் சிற்பம் இந்திய அஞ்சல்தலையில் இடம்பெற்றது. 1984-ல் நேக் சந்துக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1980-களில் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் இருந்த குழந்தைகள் அருங்காட்சியகத்துக்காகவும் ஒரு தோட்டம் அமைத்துக் கொடுத்தார்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குப் பக்கத்திலேயே ஓர் இடம் உண்டு. கோவைக்காரர்கள் ஒருநாள் சுற்றுலா போகும் பாலக்காடு மலம்புழா அணைப் பகுதியில் இருக்கும் ராக் கார்டனும் நேக் சந்தின் கைவண்ணம்தான். அங்கேயும் உடைந்த டைல்ஸும் வளையலும்தான் மூலப்பொருள்.

புல்டோசர் முன்னால் நின்றவர்கள்

பெயரும் விருதும் வந்த பிறகும் தோட்டத்துக்கு ஆபத்து ஓயவில்லை. பக்கத்திலேயே பஞ்சாப் – ஹரியானா உயர் நீதிமன்றம். இடம் தேவைப்பட்டபோதெல்லாம் கண் தோட்டத்தின் மேல் விழுந்தது. 1980-களின் இறுதியில் விவகாரம் நீதிமன்றம்வரை போனது, தோட்டம் தப்பியது. 1990-ல் சாலை அமைப்பதற்காகப் புல்டோசர்கள் வந்தபோது, நூற்றுக்கணக்கான மக்கள் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றார்கள். வந்த வண்டிகள் திரும்பிப் போக வேண்டியதாயிற்று.

1996-ல் நேக் சந்த் வெளிநாட்டுப் பயணத்தில் இருந்த நேரத்தில் நிர்வாகத்தின் ஆதரவு குறைந்தது, ஆட்கள் குறைக்கப்பட்டார்கள், சிலைகள் பல சேதப்படுத்தப்பட்டன. திரும்பி வந்தவர் உடைந்ததைச் சரிசெய்யத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, அவருடைய பணிக்குத் துணைநிற்கப் பிரிட்டனில் அவர் பெயரிலேயே ஓர் அறக்கட்டளை உருவானது. பல நாட்டுத் தன்னார்வலர்கள் சண்டிகருக்கு வந்து வேலை செய்துவிட்டுப் போனார்கள்.

2015 ஜூன் 12 அன்று, 90 வயதில் நேக் சந்த் காலமானார். கடைசிக்காலம்வரை தோட்டத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தார். அவர் போன பிறகும் போராட்டம் முடியவில்லை. உயர் நீதிமன்றத்தின் வாகன நிறுத்த, சாலைத் தேவைகளுக்காக 2025-ன் தொடக்கத்தில் தோட்ட மதிலின் ஒரு பகுதி இடிக்கப்பட்டபோது, சண்டிகர் மக்கள் மறுபடியும் தெருவுக்கு வந்தார்கள். இந்த முறை அந்தச் சுவரைக் காப்பாற்ற முடியவில்லை. தோட்டத்தைக் கட்ட நேக் சந்த் ஒருவர் போதுமாக இருந்தார். காப்பாற்ற ஊரே தேவைப்படுகிறது; அதுவும் ஒவ்வொரு முறையும்.

மின் நிலையத்துக்குப் பக்கத்தில் தோட்டம் வருமா?

சண்டிகரில் மரம் இருந்தது, நல்ல மண் இருந்தது; உப்புக்காற்று அடிக்கிற நம்ம ஊரில் என்ன வளரும் என்று கேட்கலாம். அதற்கும் உலகத்தில் ஒரு முன்னுதாரணம் உண்டு. இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையில் டஞ்சனஸ் என்று ஓர் இடம். மண்ணே இல்லாத கூழாங்கல் பரப்பு, ஓயாத கடற்காற்று, கண்ணெதிரே அணுமின் நிலையம். திரைப்பட இயக்குநர் டெரிக் ஜார்மன் 1980-களின் பிற்பகுதியில் அங்கே ஒரு பழைய மீனவர் குடிலை வாங்கினார். கடல் ஒதுக்கிய கட்டை, துருப்பிடித்த சங்கிலி, சிப்பி, கூழாங்கல் எல்லாவற்றையும் பொறுக்கிவந்து நட்டு, உப்பைத் தாங்கும் செடிகளை இடையில் வளர்த்தார். எச்.ஐ.வி. பாதிப்போடு போராடிக்கொண்டே அவர் வளர்த்த தோட்டம் அது. அதற்கு வேலி கிடையாது. அவர் 1994-ல் இறந்தார். 2020-ல் குடிலும் தோட்டமும் கைமாறிப் போகும் நிலை வந்தபோது, பொதுமக்களிடம் சுமார் 35 லட்சம் பவுண்டு திரட்டி அவற்றை மீட்டார்கள்.

அத்திப்பட்டில் செய்வதென்றால் எதைக் கவனிக்க வேண்டும்?

நேக் சந்தின் வழி இங்கேயும் பொருந்தும். ஆனால், தொழிற்சாலைப் பகுதியில் கிடைக்கிற பழைய பொருள் எல்லாமே ஒன்றல்ல. சிலவற்றை எடுக்கலாம், சிலவற்றைத் தொடவே கூடாது.

துறைமுகம் பக்கம் சரக்கு ஏற்றி வரும் மரப் பலகைத் தட்டுகள், அதாவது பேலட்டுகள், பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். பெஞ்ச், செடி அடுக்கு, வேலி எல்லாவற்றுக்கும் அவை பொருத்தம். வாங்கும் முன்பு பலகையில் இருக்கும் முத்திரையைப் பாருங்கள். ஹெச்டி என்கிற ஆங்கில எழுத்துகள் இருந்தால் சூடேற்றிப் பூச்சியை நீக்கிய மரம், தாராளமாக எடுக்கலாம். எம்பி என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்கிற நச்சு வாயு செலுத்திய மரம், வேண்டாம்.

ட்ரம்களில் எண்ணெய், உணவுப் பொருள் வந்தவற்றை நன்றாகக் கழுவிச் செடி வைக்கலாம். கெமிக்கல் வந்த ட்ரம் என்றாலோ, என்ன வந்தது என்றே தெரியவில்லை என்றாலோ கீரை, காய்கறி எதற்கும் அது ஆகாது. டயர் வைத்தால் அடியில் ஓட்டை போட்டுவிடுங்கள். மழைத் தண்ணி தேங்கினால் டெங்கு கொசுவுக்கு அதுதான் வீடு. நேக் சந்த் செய்தார் என்று டயரைக் கொளுத்தும் வேலை மட்டும் கூடவே கூடாது. அந்தப் புகை நுரையீரலுக்கு விஷம். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுப்பதும் உடைப்பதும் ஆபத்து. அதன் தூசு புற்றுநோய்வரை கொண்டுவிடும்.

அடுத்தது சாம்பல். நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக், ஈயம் போன்றவை சிறு அளவில் கலந்திருக்கும். இலவசமாகக் கிடைக்கிறதே என்று அதை அள்ளி வந்து பள்ளத்தை நிரப்புவதோ மண்ணில் கலப்பதோ சரியில்லை. சாம்பலில் செய்த செங்கல் வேறு விஷயம்; உடைந்த சாம்பல் செங்கற்களைப் பாத்தி கட்டவும் நடைபாதை போடவும் பயன்படுத்தலாம். உண்ணும் செடிகளைத் தரையில் வைக்காமல், நல்ல மண்ணும் மக்கிய சமையலறைக் கழிவும் நிரப்பிய தொட்டியில் வைப்பது பாதுகாப்பு. பறித்த கீரையை இரண்டு, மூன்று தண்ணியில் அலச வேண்டும். இலைமேல் படியும் தூசு வெளிச்சத்தை மறைத்துவிடும் என்பதால் அவ்வப்போது செடியின் தலையிலும் தண்ணி தெளித்துவிடுவது நல்லது.

செடி வாங்கவும் பெரிதாகச் செலவில்லை. பூவரசு கொம்பை வெட்டி நட்டால் துளிர்க்கும். புங்கனும் புன்னையும் கடற்காற்றைத் தாங்கும். நித்தியகல்யாணி, கற்றாழை, காகிதப்பூ மூன்றும் அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்டாலே கிடைத்துவிடும். உடைந்த மண்சட்டி ஓட்டைத் தொட்டியின் அடியில் போட்டால் தண்ணி தேங்காது. மீன்பிடி வலைக் கிழிசலைக் கட்டிவிட்டால் அவரையும் சங்குப்பூவும் அதைப் பிடித்து ஏறிக்கொள்ளும்.

இடம் யாருடையது என்பதையும் முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நேக் சந்துக்குக் கிடைத்த மன்னிப்பு எல்லோருக்கும் கிடைக்காது. சொந்த வாசல் என்றால் பிரச்சினை இல்லை. தெருமுனைப் புறம்போக்கு, ரயில்வே நிலம், கம்பெனி மதிலோரம் என்றால் ஊராட்சியிலோ உரிய அலுவலகத்திலோ எழுத்தில் அனுமதி வாங்கிவிடுவது உத்தமம். தெருவில் நாலு குடும்பம் சேர்ந்து கேட்டால் அனுமதியும் எளிதாகும். பிற்பாடு யாராவது இடிக்க வந்தால் கேட்பதற்கும் ஆள் இருக்கும்.

நேக் சந்த் பொறுக்கவும் பிரிக்கவும் ஏழு வருஷம் எடுத்துக்கொண்டார். பத்தடி வாசலுக்கு ஒரு கோடைக்காலம் போதும். சித்திரை வெயிலில் டைல்ஸ் ஒரு சாக்கு, பலகை ஒரு அடுக்கு, ஓட்டை பக்கெட் ஒரு வரிசை என்று சேர்த்துவைத்துப் பிரித்துவிட்டால், ஆடி, ஆவணியில் பாத்தியும் பெஞ்சும் கட்டி முடித்துவிடலாம். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது நட்ட பூவரசுக் கொம்பு, தை பிறப்பதற்குள் வேர் பிடித்திருக்கும்.